மஞ்சள் கடுதாசி

திருட்டு குற்றம் என்பதை மறுக்கும் சமுதாயம் உலகில் இல்லை. ஆயினும், 'எது திருட்டு?' என்ற வினாவுக்கு எளிதில் கிடைக்கும் விடை, 'யார் திருடன்?' என்ற வினாவுக்கு அத்துணை எளிதில் கிடைப்பதில்லை. ஒரு செயலுக்குப் பெயரிடுவது வேறு. ஒரு மனிதனுக்குப் பெயரிடுவது வேறு. செயல் சில நொடிகளில் முடிந்து விடுகிறது. பெயரோ அவனைக் கப்றுக் குழிவரை தொடர்கிறது. சில வேளைகளில் அவன் பிள்ளைகளையும் பற்றிக்கொள்கிறது.

இவ்வேறுபாட்டை ஆழ்ந்து ஆராய்ந்த இலக்கியங்களுள், பிரெஞ்சு ஆசிரியர் விக்டர் ஹியூகோ 1862-ஆம் ஆண்டில் வெளியிட்ட பெருநாவலுக்குத் தனியிடம் உண்டு. கவியோகி சுத்தானந்த பாரதியார் 'ஏழைபடும் பாடு' என்னும் பெயரில் அதைத் தமிழுக்குத் தந்தார். 1950-இல் கே. ராம்நாத் இயக்கத்தில், நாகையா நாயகனாக நடிக்க, அது தமிழ்த் திரைப்படமாகவும் வந்தது. அதில் ஜாவர் என்னும் காவல் அதிகாரியாக நடித்த சீதாராமனை மக்கள் அதன்பின் 'ஜாவர் சீதாராமன்' என்றே அழைத்தனர். ஒரு முறை ஒட்டிய பெயர் எவ்வளவு உறுதியாக ஒட்டிக்கொள்கிறது என்பதற்கு அதுவே ஒரு சான்று. நடிகருக்கு அப்பெயர் புகழாயிற்று. கதைநாயகன் ழான் வால்ழானுக்கோ, ஒட்டிய பெயர் விலங்காயிற்று.

இந்நாவலை ஓர் இரக்கக் கதையாகப் படித்துவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு மூடி வைத்துவிடுவது எளிது. அவ்வாறு படிப்பது அதற்குச் செய்யும் நீதியன்று என்பது நம் கருத்து. குற்றவாளிக் கூண்டில் சமுதாயத்தை நிறுத்தி, அதன் சாட்சிகளை ஒவ்வொருவராக விசாரிக்கும் வழக்கு அது. அவ்வழக்கின் போக்கையும், அது எங்கே தயங்கி நின்றுவிடுகிறது என்பதையும் இங்கே பார்ப்போம்.

மூன்று திருட்டுகள்

ஹியூகோ இப்பொருளைத் திடீரென்று எடுத்துக்கொண்டவர் அல்லர். மரண தண்டனைக்கு எதிராக 1829-லேயே ஒரு நூல் எழுதினார். 1834-இல், குடும்பத்தின் பசிக்காகத் திருடிச் சிறை சென்று, அங்கே கொலைகாரனாகிக் கழுத்திழந்த ஒருவனின் உண்மைக் கதையைச் சிறுநூலாக்கினார். 1846-ஆம் ஆண்டு பாரிஸ் தெரு ஒன்றில், ஒரு ரொட்டியைத் திருடியதாகச் சொல்லப்பட்ட ஏழை ஒருவனைப் படைவீரர் இருவர் அழைத்துச் செல்வதைக் கண்டார். அருகில் நின்ற வண்டிக்குள் ஒரு செல்வச் சீமாட்டி அமர்ந்திருந்தாள். அவன் அவளைப் பார்த்தான். அவள் அவனைப் பார்க்கவே இல்லை. இக்காட்சியை ஹியூகோ தம் குறிப்பில் எழுதி வைத்தார். 'பார்க்கப்படாதவர்கள்' என்பதே பின்னர் நாவலின் பொருளாயிற்று.

வால்ழான் மரம் கழிக்கும் கூலியாள். கணவனை இழந்த தமக்கையும் அவளுடைய ஏழு குழந்தைகளும் அவன் பொறுப்பில் இருந்தனர். 1795-ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில் வேலை இல்லை. வீட்டில் ரொட்டி இல்லை. கடைக் கண்ணாடியை உடைத்து ஒரு ரொட்டியை எடுத்தான். தண்டனை 5 ஆண்டு. தப்பியோட முயன்ற ஒவ்வொரு முறையும் தண்டனை நீண்டது. ஒரு ரொட்டிக்கு 19 ஆண்டு! 1815-இல் அவன் தூலோன் சிறையிலிருந்து வெளியே வந்தபோது அந்த ஏழு குழந்தைகளும் என்ன ஆயினர் என்பதை அவன் அறியான். யாருக்காகத் தண்டனை பெற்றானோ, அவர்களைச் சட்டம் கணக்கிலேயே கொள்ளவில்லை.

முதல் திருட்டின் காரணம் பசி. இதில் வியப்பில்லை. ஆனால், வறுமையே குற்றத்தின் ஒரே வேர் என்று சொல்லிவிட்டு ஹியூகோ கதையை முடித்துக்கொள்ளவில்லை. இரண்டாம் திருட்டைப் பாருங்கள். சத்திரங்கள் விரட்டின, நாய்க்கூண்டில் படுக்கப் போனால் நாயும் விரட்டியது. ஒரு கிறிஸ்தவ மேற்றிராணியார் மட்டுமே கதவைத் திறந்து, தம்மோடு உணவருந்தச் செய்து, வெண்மையான விரிப்பில் உறங்க இடம் தந்தார். அந்த இரவில்தான் அவன் அவருடைய வெள்ளிக் கரண்டிகளைத் திருடுகிறான். அப்போது அவனுக்குப் பசி இல்லை. சட்டைப்பையில் நூறு பிராங்குக்கு மேல் பணமும் இருந்தது. பிறகு ஏன்? 19 ஆண்டு உழைப்புக்குச் சிறை கொடுத்த கூலியைப் போல் இரு மடங்கு அந்த வெள்ளிக்குக் கிடைக்கும் என்று அவன் மனம் கணக்குப் பார்க்கிறது. சமுதாயம் தனக்குக் கடன்பட்டிருக்கிறது என்ற சினம் அவனுக்குள் ஊறியிருந்தது. பசியோடு சிறைக்குள் போனவனைப் பகையோடு வெளியே அனுப்பியிருந்தார்கள்.

மறுநாள், 'இவ்வெள்ளியை நானே கொடுத்தேன்' என்று காவலரிடம் கூறி, மெழுகுவத்தித் தண்டுகள் இரண்டையும் சேர்த்துக் கொடுத்து அவனை விடுவிக்கிறார் மேற்றிராணியார். அதற்குப் பின்னும் மூன்றாம் திருட்டு நடக்கிறது! தெருவில் பாடித் திரியும் பத்து வயதுச் சிறுவன் ஒருவனின் நாணயம் உருண்டு வர, வால்ழான் அதன்மீது காலை வைத்து அழுத்திக்கொள்கிறான். பசியும் இல்லை, தேவையும் இல்லை. அந்தக் கணத்தில் பகைகூட இல்லை. பழகிப்போன கால் தானாக நகர்ந்தது. 19 ஆண்டுகள் அவனுக்குக் கற்பித்த பாடத்தை, மனம் திருந்தத் தொடங்கிய பின்னரும் உடல் ஒருமுறை ஒப்பித்தது. நாவலின் மிக நுட்பமான இடம் இதுவே என்போம். மக்கள் ஏன் குற்றம் புரிகின்றனர் என்ற வினாவுக்கு இம்மூன்று திருட்டுகளும் மூன்று விடைகள்: இல்லாமை, இழைக்கப்பட்ட அநீதி, பழக்கம். பின்னிரண்டும் முதல் குற்றத்துக்கு அளிக்கப்பட்ட தண்டனையிலிருந்து பிறந்தவை.

முடியாத கடன்

விடுதலையான வால்ழானின் கையில் மஞ்சள் நிறப் பயணச் சீட்டு ஒன்று கொடுக்கப்படுகிறது. போகும் ஊரில் எல்லாம் அதை அவன் காட்டவேண்டும். அதில் அவன் செய்த குற்றம் எழுதப்பட்டிருக்கிறது. சத்திரக்காரன் அவனை விரட்டியது அதனால்தான். ஒரு நாள் மூட்டை இறக்கிய வேலைக்கு, மற்றவர்களுக்குத் தந்ததிலும் குறைத்துக் கூலி கொடுத்ததும் அதனால்தான்.

நம் கடைவீதிகளிலும் 'மஞ்சள் கடுதாசி' என்ற வழக்கு உண்டு. கடனை அடைக்க இயலாமல் நொடித்துப்போன வணிகன் நீதிமன்றத்தை அணுகினால், 'மஞ்சள் கடுதாசி கொடுத்துவிட்டான்' என்பார்கள். மானக்கேடான செய்திதான். ஆனாலும் அந்தக் கடுதாசியில் ஒரு கதவு இருக்கிறது. கடனுக்கு ஓர் எல்லை கட்டப்படுகிறது. அவன் மறுபடியும் ஒரு சிறு கடையை வைத்து உட்காரலாம். வால்ழானின் மஞ்சள் கடுதாசியிலோ அந்தக் கதவு இல்லை. கடன் முழுதும் அடைத்த பின்னரும் 'கடன்காரன்' என்ற பெயர் தீர்வதில்லை. பணத்தில் பட்ட கடனுக்கு முடிவு கட்டத் தெரிந்த சமுதாயத்துக்கு, குற்றத்தில் பட்ட கடனுக்கு முடிவு கட்டத் தெரியவில்லையே!

எனவே அவன் பெயரையே மாற்றிக்கொள்கிறான். மதலேன் என்ற பெயரில் மோந்த்ரேய் என்னும் ஊரில் கருமணித் தொழிற்சாலை நடத்தி, ஊரையே வாழவைத்து, நகரத் தலைவனாகிறான். பழைய பெயரோடு வந்திருந்தால் அந்த ஊர் அவனுக்கு ஒரு குவளை நீரும் தந்திராது. பின்னர் உண்மை வெளியாகி அவன் சிறைப்பட்டபோது தொழிற்சாலை சிதைகிறது. ஊர் மீண்டும் வறுமையில் வீழ்கிறது. ஒரு பெயரைக் காப்பாற்றுவதற்காக ஊர் தன் சோற்றை இழந்தது.

குற்றத்தை வரையறுப்பவர் யார்?

எந்தச் சமுதாயமும் தன் சினத்துக்குரிய செயல்களைத் தானே தேர்ந்தெடுக்கிறது. துறவிகள் மட்டுமே வாழும் ஊர் ஒன்று இருந்தாலும், நம் கண்ணுக்குத் தென்படாத சிறு பிழைகள் அங்கே பெருங்குற்றங்களாகத் தோன்றும் என்ற கருத்தைப் பிரெஞ்சு சமூகவியலார் துர்கைம் 1895-இல் வெளியிட்டார். அவருக்கு முப்பது ஆண்டுகளுக்கு முன்னரே, இத்தேர்வு எவ்வளவு ஓரவஞ்சனையானது என்பதை ஹியூகோ ஃபாந்தீன் என்ற பெண்ணின் மூலம் காட்டிவிட்டார்.

ஏமாற்றப்பட்டுத் தாயான அவளை, ஒழுக்கக் குறைவு என்று சொல்லித் தொழிற்சாலையிலிருந்து நீக்குகிறார்கள். குழந்தையைக் காப்பாற்றக் கூந்தலை விற்கிறாள், முன்பற்களை விற்கிறாள், இறுதியில் தன்னையே விற்கிறாள். ஒரு பனி இரவில், பமாத்தபுவா என்னும் செல்வந்தன் வேடிக்கைக்காக அவள் முதுகில் பனிக்கட்டியைத் திணிக்கிறான். அவள் சீறி அவன் முகத்தைக் கீறுகிறாள். ஜாவர் வருகிறான். யாரைக் கைது செய்கிறான்? அவளைத்தான். பமாத்தபுவா சொந்த மாடிவீடு உள்ளவன், வாக்குரிமை உள்ளவன். அவள் தெருவில் நிற்பவள். பெண்ணுக்கு ஆறு மாதச் சிறை; ஆணின் செயலுக்குக் குற்றம் என்ற பெயரே இல்லை. இதே பமாத்தபுவா பின்னர் ஒரு வழக்கில் நடுவர் குழுவிலும் அமர்கிறான். ஹியூகோ இதைக் கோடிட்டுக் காட்டாமல், போகிற போக்கில் சொல்லிச் செல்கிறார். அதனால்தான் நமக்கு உறைக்கிறது.

இதனினும் கூர்மையான இடம் ஒன்றுண்டு. ஃபாந்தீனை வெளியேற்றிய தொழிற்சாலை யாருடையது? மதலேனாகிய வால்ழானுடையது! பெண்களின் ஒழுக்கம் மாசற்றிருக்க வேண்டும் என்ற விதியை ஏற்படுத்தியவன் அவனே. அந்த விதியைக் கையில் வைத்துக்கொண்டு, அவன் அறியாமலே, அவன் பெயராலேயே மேற்பார்வையாளப் பெண் அவளை நீக்குகிறாள். ஒரு பெயரால் 19 ஆண்டும் அதற்கு மேலும் வதைபட்டவனின் நிழலிலேயே மற்றொருத்தி ஒரு பெயரால் வதைபடுகிறாள். தீங்கு செய்யத் தீயவர்தாம் வேண்டும் என்பதில்லை. நல்லவர் வகுத்த நல்ல விதி போதும். அதைச் செயற்படுத்துபவர் 'ஏன்' என்று கேட்காதிருந்தால் போதும்.

பமாத்தபுவா நடுவராக அமர்ந்த வழக்கு ஷாம்மத்யே என்ற கிழவனுடையது. ஆப்பிள் மரக்கிளை ஒன்று அவன் கையில் இருந்தது. கீழே கிடந்ததை எடுத்தேன் என்கிறான். சிறு குற்றம், ஆனால் அவனே பழைய கைதி வால்ழான் என்று சிலர் அடையாளம் சொல்கின்றனர். அவ்வளவுதான், ஆப்பிள் மறைந்துபோகிறது. நீதிமன்றம் விசாரிப்பது செயலை அன்று, பெயரை. ஆயுள் தண்டனை நெருங்குகிறது. தனக்காகப் பேசத் தெரியாத, எவர் இரக்கத்தையும் எளிதில் பெறாத மந்த மனிதன் அவன். அவனைக் காப்பாற்ற உண்மையான வால்ழான் எழுந்து நிற்கும்போதுதான் கதைநாயகனாகிறான். வெள்ளித் தண்டுகளைப் பெற்றுக்கொண்ட நாளில் அன்று.

ஜாவரைக் கொடியவன் என்று சொல்லிவிட முடியாது. கையூட்டு வாங்காதவன், தன்னலம் அற்றவன். அவன் பிறந்த இடம் சிறைச்சாலை; தந்தை தண்டனைக் கைதி. பிறப்பே குற்றவாளியை உருவாக்கும் என்றால், ஜாவர்தான் முதல் குற்றவாளியாக இருக்கவேண்டும். தன் நேர்மையாலேயே அந்தக் கொள்கையைப் பொய்யாக்கிய அவன், வாழ்நாள் எல்லாம் அதையே நம்பினான். நாவல் வெளிவந்து 14 ஆண்டுகள் கழித்து, 1876-இல், மண்டை ஓட்டைக் கொண்டே பிறவிக் குற்றவாளியை அறியலாம் என்று இத்தாலிய மருத்துவர் லொம்புரோசோ நூலெழுதினார். அக்கொள்கை பின்னர் அறிவியலால் தள்ளப்பட்டது. ஜாவரோ, குற்றவாளி ஒருவன் தன் உயிரைக் காத்த அன்று, அந்த உண்மையைத் தாங்கமாட்டாமல் ஆற்றில் வீழ்ந்து மடிகிறான்.

எஞ்சியவன் தெனார்தியே. ஏழைதான், ஆனால் பசிக்காகவோ பகைக்காகவோ திருடுபவன் அல்லன். போர்க்களத்தில் பிணங்களின் பையைத் துழாவியவன். குழந்தையை வைத்துத் தாயிடம் பணம் கறந்தவன். எல்லாக் குற்றத்துக்கும் சமுதாயமே பொறுப்பு என்று ஹியூகோ சாதிக்கவில்லை என்பதற்கு இவனே சான்று. பேராசைக்கும் மனத்தில் இடமுண்டு. மனிதன் தான் செய்ததற்குப் பொறுப்பாளி. இறுதியில் இவன் அமெரிக்கா சென்று அடிமை வணிகனாகிறான் என்று ஒரே வரியில் முடிக்கிறார் ஆசிரியர். நாவல் வெளியான 1862-இல் அந்நாட்டின் தென் மாநிலங்களில் மனிதனை உடைமையாக வைத்திருப்பது சட்டம் ஒப்பிய செயல். ரொட்டி எடுத்தவன் குற்றவாளி. மனிதரை விற்றவன் வணிகன்!

ஹியூகோ நின்றுவிட்ட இடம்

இவ்வளவு பெரிய வழக்கைத் தொடுத்தவர் தீர்ப்பு எழுதும்போது தயங்குகிறார் என்பது நம் குறை. தற்செயல் சந்திப்புகள் மிகுதி, போர்க்களத்தையும் சாக்கடையையும் பற்றிய நீண்ட வருணனைகள் கதையைத் தேக்குகின்றன என்பன எல்லாரும் கூறும் குறைகள்; அவை சிறியவை. பெருங்குறை வேறு. வால்ழானுக்குக் கிடைத்த மீட்சிக்கு ஒரு மேற்றிராணியாரின் கருணையும் ஒரு பொய்ப்பெயரும் தேவைப்பட்டன. அவ்வழியே வராத ஆயிரம் கைதிகளுக்கு யார் வெள்ளித் தண்டு கொடுப்பார்? கருணை தனி மனிதரின் அறமாகவே நாவலில் நின்றுவிடுகிறது. சட்டத்துக்குள் அது நுழைவதில்லை. சட்டம் தானே இரக்கத்தோடு கேள்வி கேட்டால் என்ன ஆகும் என்ற காட்சி நாவலில் இல்லை.

அந்தக் காட்சியை நம் வாசகர்கள் வேறோர் ஏட்டில் அறிவர். கடும்பஞ்சம் நிலவிய ஆண்டில் கலீபா உமர் (ரலி) அவர்கள் திருட்டுக்குரிய கைவெட்டும் தண்டனையை நிறுத்தி வைத்தார்கள் என்பது வரலாறு. இமாம் மாலிக் (ரஹ்) அவர்களின் முவத்தாவில் மற்றொரு செய்தியும் உண்டு. ஹாத்திப் என்பாரின் அடிமைகள், முஸைனா குலத்தவர் ஒருவரின் பெண் ஒட்டகத்தைத் திருடி அறுத்துவிட்டனர். முதலில் தண்டனைக்கு ஆணையிட்ட கலீபா அவர்கள், பின்னர் உடையவரின் பக்கம் திரும்பி, இவர்களை நீர் பட்டினி போடுவதாகத் தெரிகிறது என்றார்கள். ஒட்டகத்தின் விலை 400 திர்ஹம் என்று உரியவர் கூற, 800 திர்ஹம் கொடுக்குமாறு ஹாத்திபுக்கு உத்தரவிட்டார்கள். விலையை இரட்டிப்பது பற்றிச் சட்ட அறிஞரிடையே வேறு கருத்து உண்டு. நாம் இங்கே நோக்குவது கேள்வி திரும்பிய திசையை. 'திருடியது யார்?' என்பதோடு நில்லாமல், 'பசிக்க வைத்தது யார்?' என்றும் நீதி கேட்டது. பொருளை இழந்தவருக்கும் ஈடு கிடைத்தது. வால்ழானுக்குத் தீர்ப்புச் சொன்னவர் இந்த ஒரு கேள்வியைக் கேட்டிருந்தால், ஐந்து பாகங்கள் கொண்ட நாவலுக்குத் தேவையே இருந்திராது.

நம் மண்ணின் மஞ்சள் கடுதாசி

இவையெல்லாம் பிறர் நாட்டுக் கதை என்று நாம் ஒதுங்கிவிட முடியாது. நாவல் வெளிவந்து ஒன்பதாம் ஆண்டில், 1871-இல், இந்தியாவை ஆண்ட பிரிட்டிஷார் குற்றப் பரம்பரைச் சட்டத்தைக் கொண்டுவந்தனர். முதலில் வடபுலத்தில் வழங்கிய அது, 1911-ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டத்தின்வழி சென்னை மாகாணத்துக்கும் வந்தது. வால்ழானாவது ஒரு ரொட்டியை எடுத்த பிறகே மஞ்சள் கடுதாசி பெற்றான். இச்சட்டமோ, எதையும் எடுக்காதவனுக்கும் இன்ன குலத்தில் பிறந்தான் என்பதற்காகவே அதைக் கையில் திணித்தது. விரல் ரேகை பதித்து, குறித்த வேளையில் காவலர் முன் நின்று கணக்குக் கொடுக்கவேண்டும். அதனாலேயே மக்கள் இதை 'ரேகைச் சட்டம்' என்றனர். இதை எதிர்த்து நின்ற மதுரை மாவட்டப் பெருங்காமநல்லூரில் 1920 ஏப்ரல் 3-ஆம் நாள் காவல்துறையினர் துப்பாக்கிச் சூடு நடத்தினர். ஒரு பெண் உட்பட 16 பேர் அன்று மாண்டதாக அவ்வூர் நினைவு போற்றுகிறது. ஜாவரின் நம்பிக்கை அங்கே நாவல் பாத்திரத்தின் மயக்கமாக இல்லை, அரசாணையாக இருந்தது.

சென்னை மாகாணத்தில் 1947-இலும் நாடு முழுவதும் 1952-இலும் அச்சட்டம் நீக்கப்பட்டது. பெயர் நீங்கியதா? நாட்டின் சிறைக் கையேடுகளில் சாதியைப் பார்த்து வேலை பிரிக்கும் விதிகள் செல்லா என்று உச்ச நீதிமன்றம் 2024 அக்டோபரில் தீர்ப்பளிக்க வேண்டியிருந்தது. சீர்மரபினரைப் பழக்கக் குற்றவாளிகளாகக் கருதும் போக்கையும் அது கண்டித்தது. சட்டம் மடிந்து எழுபது ஆண்டு கழிந்தும் அதன் நிழல் சிறைச் சுவரில் படிந்திருந்தது.

சட்டப் புத்தகத்திலிருந்து பெயரை அழிப்பது நீதிமன்றத்தின் வேலை. ஊர் வாயிலிருந்து அழிப்பது யார் வேலை? தண்டனை முடித்து ஊர் திரும்பும் இளைஞனுக்குக் கடையில் வேலை கொடுக்க நாம் தயங்குகிறோம். அவன் தங்கைக்குப் பெண் கேட்டு வருபவரிடம், 'அந்த வீடா?' என்று ஒரு சொல்லை மெல்லப் போட்டு வைக்கிறோம். பள்ளிவாசல் வரிசையில் அவனோடு தோள் ஒட்டி நிற்கிறோம். ஸலாம் கொடுத்து வெளியே வந்ததும் அவனிடமிருந்து விலகி நடக்கிறோம். தவ்பாவின் கதவை இறைவன் திறந்து வைத்திருக்கிறான் என்று நம் பிள்ளைகளுக்குக் கற்பிக்கிறோம். தெருக்கதவை மட்டும் நாம் சாத்திக்கொள்கிறோம். அச்சம் இயற்கையே. திருட்டுக் கொடுத்தவனின் இழப்பையும் சிறிதென்று சொல்வதற்கில்லை. அதற்கு ஈடு வேண்டும். குற்றத்துக்குத் தண்டனையும் வேண்டும். ஆனால் அத்தண்டனைக்கு ஒரு கடைசி நாள் இருக்கவேண்டும். அந்நாளுக்குப் பிறகும் கணக்கை நீட்டுபவர், ஒரு ரொட்டித் திருடனை எடுத்து வெள்ளித் திருடனாக்கிய வேலையையே செய்கின்றனர்.

'ஏழைபடும் பாடு' பல வீட்டு அலமாரிகளில் இன்றும் இருக்கக்கூடும். அதை மறுமுறை எடுக்கும் குடும்பத்தினர் மேற்றிராணியாரின் வெள்ளித் தண்டுகளை வியப்பதோடு நில்லாமல், சத்திரக்காரன் கதவைச் சாத்தும் அத்தியாயத்தையும் நிதானமாகப் படிப்பார்களாக. அவனும் கொடியவன் அல்லன். குடும்பம் உடையவன், ஊர் மதிக்க வாழ்பவன், நம்மைப் போன்றவன். வந்தவன் யார் என்று பார்க்காமல், அவன் கையில் இருந்த தாளின் நிறத்தை மட்டும் பார்த்தான்.